கோடீஸ்வரர் மீது புகார்: பாலிசிதாரர் கேட்க வேண்டிய கேள்வி

பெரிய தொழில் அதிபர் ஒருவர் மீது மோசடிப் புகார் கிளம்பினால், மின்சார ரெயிலிலும் டீக்கடையிலும் இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழும். "இவ்வளவு பணத்தை எப்படிச் சேர்த்தார், பார்த்தீர்களா?" என்பது ஒன்று. "பணக்காரர்களை யார் என்ன செய்துவிட முடியும்?" என்பது மற்றொன்று.

இரண்டு பேச்சிலும் முக்கியமான கேள்வி விட்டுப் போகிறது. அவர் தொழிலில் போடப்பட்டிருக்கும் பணத்தில் நம் பணம் எவ்வளவு? அதை எடுத்துப் போட்டவர் யார்? யார் சொல்லிப் போட்டார்?

1957-ம் ஆண்டில் இந்தக் கேள்வி டெல்லி பாராளுமன்றத்தில் எழுந்தது. இரண்டு மாதத்துக்குள் பதில் வந்தது. நாட்டின் நிதி மந்திரி பதவி விலகினார். 2023-ம் ஆண்டில் ஏறக்குறைய அதே கேள்வி மறுபடியும் எழுந்தது. இந்த முறை பதில் எப்படி வந்தது, எவ்வளவு வந்தது என்பதை எல்.ஐ.சி. பாலிசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது.

2023-ல் நடந்தது

24-1-2023 அன்று அமெரிக்காவைச் சேர்ந்த ஹிண்டன்பர்க் என்ற நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. குஜராத்தைச் சேர்ந்த தொழில் அதிபர் கவுதம் அதானியின் கம்பெனிகளில் பங்கு விலை செயற்கையாக ஏற்றப்பட்டிருக்கிறது, கணக்குகளில் மோசடி இருக்கிறது, வெளிநாட்டுப் பெயர்ப்பலகைக் கம்பெனிகள் மூலம் பணம் சுற்றி வருகிறது என்பது அந்த அறிக்கையின் சாரம்.

ஹிண்டன்பர்க் தர்மத்துக்காக வேலை செய்த நிறுவனம் அல்ல. விலை விழுந்தால் லாபம் வரும்படி முன்கூட்டியே பந்தயம் கட்டிவிட்டுத்தான் அறிக்கை வெளியிட்டது. அதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. புகார்கள் அனைத்தும் பொய் என்று அதானி குழுமம் 413 பக்கங்களில் பதில் கொடுத்தது.

ஆனாலும் பங்குகள் சரிந்தன. அதானி எண்டர்பிரைசஸ் ரூ.20 ஆயிரம் கோடிக்குப் புதிய பங்குகள் விற்க முனைந்திருந்த நேரம் அது. விற்பனை 31-ந் தேதி முழுமையாக முடிந்தும், மறுநாள் இரவே அதை ரத்து செய்து, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். உலகப் பணக்காரர் வரிசையில் முன்னணி இடம் வரை ஏறியிருந்தவர், சில வாரங்களில் மளமளவென்று கீழே இறங்கினார்.

அப்போதுதான் எல்.ஐ.சி.யின் பெயர் அடிபட்டது. 30-1-2023 அன்று எல்.ஐ.சி.யே கணக்கு வெளியிட்டது. அதானி குழுமத்தில் பங்காகவும் கடன் பத்திரமாகவும் சேர்த்து ரூ.36 ஆயிரத்து 474 கோடி போடப்பட்டிருந்தது. பங்குகளை வாங்கிய விலை மட்டும் ரூ.30 ஆயிரத்து 127 கோடி. சரிவு தொடங்கிய பிறகும், 27-ந் தேதி அவற்றின் சந்தை மதிப்பு ரூ.56 ஆயிரத்து 142 கோடி. தன்னிடம் உள்ள மொத்தச் சொத்தில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று எல்.ஐ.சி. கூறியது.

பிப்ரவரி கடைசியில் சந்தை மதிப்பு வாங்கிய விலைக்கும் கீழே போய்விட்டது என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன. பிறகு பங்குகள் மீண்டும் ஏறின.

பாலிசிதாரருக்கு என்ன ஆபத்து?

இந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பாலிசியை சரண்டர் செய்யலாமா என்று அப்போது யோசித்தவர்கள் உண்டு. அது வேண்டாத அவசரம்.

1956-ம் ஆண்டு எல்.ஐ.சி. சட்டத்தின் 37-வது பிரிவு, பாலிசித் தொகைக்கும் அறிவிக்கப்பட்ட போனசுக்கும் மத்திய அரசே உத்தரவாதம் என்று சொல்கிறது. ஒரு குழுமத்தின் பங்கு விழுந்ததால் எந்தப் பாலிசியும் முழுகிப் போகாது.

ஆனால் இனிமேல் வரப்போகும் போனசுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. போனஸ் என்பது எல்.ஐ.சி. தன் முதலீட்டில் சம்பாதிக்கும் உபரியிலிருந்து வருவது. முதலீடு நன்றாக இருந்தால் போனஸ் கூடும். மோசமாக இருந்தால் குறையும். இருபது வருடம் பிரீமியம் கட்டி, மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் சின்னதல்ல.

எனவே பணம் எங்கே போடப்படுகிறது என்று கேட்கும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. இந்த உரிமை சட்டப் புத்தகத்தில் மட்டும் இருக்கவில்லை. ஒரு முறை நடைமுறையிலும் நிலைநாட்டப்பட்டது. அந்தக் கதை நடந்தது பம்பாயில்.

முந்த்ரா விவகாரம்

எல்.ஐ.சி. பிறந்தது 1-9-1956 அன்று. தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பாலிசிதாரர்களின் பணத்தைத் தங்கள் சொந்தத் தொழில்களுக்குத் திருப்பிவிடுகின்றன என்ற புகாரும் அவை தேசிய மயமாக்கப்பட்டதற்கு ஒரு காரணம். மக்கள் பணம் இனி பத்திரமாக இருக்கும் என்று சொல்லப்பட்டது.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1957 ஜூன் மாதம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழில் அதிபரின் ஆறு கம்பெனிகளில் எல்.ஐ.சி. சுமார் ரூ.1¼ கோடிக்குப் பங்குகள் வாங்கியது. கல்கத்தாவின் ஜெஸ்ஸாப், கான்பூரின் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன், பம்பாய் பைகுல்லாவில் தொழிற்சாலை இருந்த ரிச்சர்ட்சன் குரூடாஸ் ஆகியவை அவற்றில் சில. அந்தக் காலத்தில் ஒன்றேகால் கோடி மிகப் பெரிய தொகை.

முந்த்ரா மின்விளக்கு விற்பனையில் தொடங்கி, வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கம்பெனிகளை ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டவர். கைப்பணத்தில் வாங்கவில்லை. வாங்கிய பங்கை அடகு வைத்துக் கடன் பெற்று, அந்தக் கடனில் அடுத்த கம்பெனியின் பங்கை வாங்குவார்.

நகையை அடகு வைத்து இன்னொரு நகை வாங்குவது போன்ற வேலை இது. தங்கத்தின் விலை ஏறும்வரை கவலை இல்லை. இறங்கிவிட்டால் அடகுக்காரர் கூடுதல் ஈடு கேட்பார். கொடுக்க முடியாவிட்டால் எல்லா நகையும் ஏலத்துக்குப் போகும். 1957-ல் முந்த்ரா அந்த நிலைக்கு வந்திருந்தார். அவருடைய பங்குகளை நல்ல விலைக்கு வாங்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளாக எல்.ஐ.சி. வந்து நின்றது.

பங்கு வாங்கும்போது ஆலோசனை சொல்ல எல்.ஐ.சி.யில் முதலீட்டுக் கமிட்டி ஒன்று இருந்தது. இந்த விஷயத்தில் அந்தக் கமிட்டியைக் கேட்கவே இல்லை.

மாமனார் அரசாங்கம், மருமகன் கேள்வி

16-12-1957 அன்று லோக்சபையில் இதை முழுமையாக எடுத்து வைத்தவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சியான காங்கிரசின் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். மாமனார் நடத்தும் அரசாங்கத்தைப் பார்த்து, மக்கள் பணத்தை யார் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டார்.

நிதி மந்திரியாக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இடம்பெற்றவர். திறமைசாலி என்று பெயர் எடுத்தவர். அவர் சபையில் கொடுத்த பதில்கள் உறுப்பினர்களுக்குத் திருப்தி தரவில்லை.

பம்பாய் ஐகோர்ட்டு தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவைக் கொண்டு ஒருநபர் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. பம்பாயில் விசாரணை நடந்தது. சாக்ளா கதவை மூடிக்கொண்டு விசாரிக்கவில்லை. பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். இடம் கொள்ளாத கூட்டம் வந்தது. உள்ளே நடப்பது வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி வைத்தார்கள்.

நிதி மந்திரி சாட்சி சொன்னார். நிதித்துறைச் செயலாளர் எச்.எம். பட்டேல், ரிசர்வ் வங்கி கவர்னர், எல்.ஐ.சி. அதிகாரிகள், பங்கு மார்க்கெட் பிரமுகர்கள் எல்லோரும் வந்து பதில் சொன்னார்கள். கல்கத்தா பங்கு மார்க்கெட் விழாமல் தாங்கிப் பிடிக்கத்தான் வாங்கினோம் என்று காரணம் கூறப்பட்டது. மார்க்கெட் தெரிந்தவர்கள் அதை ஏற்கவில்லை. உதவி போனது மார்க்கெட்டுக்கு அல்ல, முந்த்ராவுக்குத்தான் என்பது சாக்ளாவின் முடிவு.

விசாரணை 24 நாளில் முடிந்தது. அறிக்கை 1958 பிப்ரவரியில் வந்தது. செயலாளர் செய்த காரியத்துக்கு மந்திரியே பொறுப்பு, எனக்குத் தெரியாது என்று மந்திரி ஒதுங்க முடியாது என்று சாக்ளா எழுதினார். அதே மாதம் கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். முந்த்ரா கைதாகி, பின்னர் சிறைத் தண்டனை பெற்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. கிருஷ்ணமாச்சாரி 1962-ல் மறுபடியும் மந்திரி சபைக்கு வந்தார். மறு வருடம் நிதி இலாகாவே கிடைத்தது. பதவி விலகிய எச்.எம். பட்டேல், 1977-ல் ஜனதா ஆட்சியில் நிதி மந்திரியானார். ஆனாலும் நடந்தது என்ன என்று பொதுமக்களுக்குத் தெரிந்தது. யார் யாரிடம் என்ன சொன்னார், எந்தக் கமிட்டியைக் கேட்கவில்லை என்பது பகிரங்கமாக வெளிவந்தது. அந்த விசாரணையால் மக்களுக்குக் கிடைத்த லாபம் அது.

அன்றும் இன்றும்

முந்த்ராவையும் அதானியையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. முந்த்ரா கோர்ட்டில் தண்டிக்கப்பட்டவர். அவரிடம் இருந்தவை கடனில் தள்ளாடிய கம்பெனிகள். அதானி குழுமத்திடம் துறைமுகங்கள், விமான நிலையங்கள், மின் நிலையங்கள் இருக்கின்றன. 2023 சரிவின்போது, அடகில் இருந்த பங்குகளை மீட்க சுமார் 111 கோடி டாலர் கடனைத் தவணைக்கு முன்பே அடைக்கப்போவதாக அந்தக் குழுமம் அறிவித்தது. முந்த்ராவால் அப்படிச் செய்ய முடியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது விசாரணை நடந்த விதத்தை.

2023-ல் பாராளுமன்றக் கூட்டுக்குழு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அமைக்கப்படவில்லை. பட்ஜெட் கூட்டத்தொடரின் இரண்டாம் பகுதி பெரும்பாலும் கூச்சலிலேயே கழிந்தது.

விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. நிபுணர் குழுவுக்கான பெயர்களை மூடிய உறையில் தருவதாக மத்திய அரசு சொன்னபோது, அப்படி வாங்கினால் மக்களுக்கு நம்பிக்கை வராது என்று கோர்ட்டு மறுத்தது பாராட்ட வேண்டிய காரியம். ஓய்வு பெற்ற நீதிபதி ஏ.எம். சப்ரே தலைமையில் ஆறு பேர் குழுவை 2-3-2023 அன்று கோர்ட்டே அமைத்தது. கண்காணிப்பு அமைப்பான செபி தவறியது என்று முடிவு கட்ட முடியாது என அந்தக் குழு மே மாதம் கூறியது.

3-1-2024 அன்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வழங்கியது. சிறப்புப் புலனாய்வுக் குழு தேவையில்லை, செபியே விசாரிக்கலாம், 24 விசாரணைகளில் பாக்கி இருக்கும் இரண்டை மூன்று மாதத்தில் முடிக்கலாம் என்றது. 18-9-2025 அன்று, ஹிண்டன்பர்க் சொன்ன சில பணப் பரிமாற்றப் புகார்கள் நிரூபணமாகவில்லை என்று செபி தள்ளுபடி செய்தது. அறிக்கை வந்த நாளிலிருந்து அதற்கு இரண்டரை வருடத்துக்கு மேல் ஆனது.

இதற்கிடையே 20-11-2024 அன்று அமெரிக்காவில் நியூயார்க் புரூக்ளின் கோர்ட்டில் வேறொரு குற்றச்சாட்டு பதிவானது. சூரிய மின்சார ஒப்பந்தங்களுக்காக இந்திய அதிகாரிகளுக்கு 25 கோடி டாலருக்கு மேல் லஞ்சம் தருவதாகப் பேசப்பட்டது, அதை மறைத்து அமெரிக்க முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டப்பட்டது என்பது அந்தக் குற்றச்சாட்டு. அதானி உள்பட எட்டுப் பேர் பெயர் அதில் இருந்தது. ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு முதலிய மாநிலங்களின் மின் வாரிய ஒப்பந்தங்களும் அதில் குறிப்பிடப்பட்டன. ஆதாரமற்றது என்று அதானி குழுமம் மறுத்தது. மத்திய அரசின் சூரிய மின் கழகத்தோடுதான் ஒப்பந்தமே தவிர, அதானியோடு நேரடி ஒப்பந்தம் இல்லை என்று தமிழக அரசு கூறியது.

குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. ஆனால் இந்திய அதிகாரிகளுக்கு லஞ்சம் என்று சொல்லப்பட்ட விஷயத்தை, ஏமாந்தது அமெரிக்க முதலீட்டாளர் என்பதற்காக அமெரிக்க கோர்ட்டு எடுத்துக்கொண்டது. மின் கட்டணம் கட்டுகிற நம் ஊர்க்காரருக்காக அப்படி ஒரு பகிரங்க விசாரணை இங்கே எழவில்லை என்பது மனதை உறுத்துகிறது.

யார் சொன்னது?

எல்.ஐ.சி. பற்றிய கேள்வி 2025-ல் மூன்றாவது முறையாகத் தலைதூக்கியது. அந்த வருடம் மே மாதம் அதானி துறைமுகக் கம்பெனி வெளியிட்ட ரூ.5 ஆயிரம் கோடி கடன் பத்திரங்கள் முழுவதையும் எல்.ஐ.சி. ஒன்றே வாங்கியது. 15 வருடத் தவணை. 7.75 சதவீத வட்டி.

அக்டோபர் மாதம் அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை, எல்.ஐ.சி. பணத்தில் சுமார் 390 கோடி டாலரை அதானி குழுமத்தின் பக்கம் திருப்ப அதிகாரிகள் திட்டம் வகுத்தார்கள் என்று எழுதியது. அப்படி எதுவும் இல்லை, எங்கள் முதலீட்டு முடிவுகளை நாங்களே எடுக்கிறோம் என்று எல்.ஐ.சி. மறுத்தது. நிதி அமைச்சகம் எல்.ஐ.சி.க்கு முதலீடு பற்றி யோசனையோ உத்தரவோ தருவதில்லை என்று நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் டிசம்பர் மாதம் லோக்சபையில் எழுத்து மூலம் பதில் அளித்தார். அதானி குழுமப் பங்குகளில் எல்.ஐ.சி. போட்டிருக்கும் பணம் ரூ.38 ஆயிரத்து 658 கோடி என்பதும் அந்தப் பதிலில் இருந்தது.

அந்த மறுப்பு உண்மையாகவே இருக்கலாம். துறைமுகக் கம்பெனிக்கு நீண்டகாலக் கடன் கொடுப்பது எல்.ஐ.சி.க்கு நல்ல முதலீடாகவும் இருக்கலாம். டாட்டா, ரிலையன்ஸ் கம்பெனிகளிலும் எல்.ஐ.சி. பணம் இருக்கிறது. பணத்தைப் பூட்டி வைத்தால் போனஸ் வராது.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? எல்.ஐ.சி. சட்டத்தின் 21-வது பிரிவின்படி, பொதுநலன் சம்பந்தப்பட்ட கொள்கை விஷயத்தில் மத்திய அரசு எல்.ஐ.சி.க்கு உத்தரவிடலாம். அந்த உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். டெலிபோனில் சொல்வது, கண் ஜாடை காட்டுவது சட்டத்தில் இல்லை. 1957-ல் எழுத்தில் எதுவும் இல்லை. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் கேட்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

சபையில் வைக்கப்படும் எழுத்து மூலப் பதிலுக்குக் குறுக்கு விசாரணை கிடையாது. மறுப்பு அறிக்கைக்கும் கிடையாது. உள்ளே நடந்தது முறைப்படிதான் என்றால், முதலீட்டுக் கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்பைப் பாராளுமன்றக் குழு ஒன்றின் முன் வைப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. எல்.ஐ.சி.க்கு நல்ல பெயர் கிடைக்கும். அதானி குழுமத்தின் மீது விழுந்த சந்தேகமும் விலகும்.

தாராவிக்கும் இதே அளவுகோல்

மும்பைத் தமிழர்களுக்கு இந்தப் பெயர் பங்கு மார்க்கெட்டோடு நிற்பதில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2022 நவம்பரில் ரூ.5 ஆயிரத்து 69 கோடி கேட்புத் தொகைக்கு அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. திட்டத்தை நடத்தும் கம்பெனியில் 80 சதவீதம் அந்தக் குழுமத்துக்கு. 20 சதவீதம் மராட்டிய அரசுக்கு. முந்தைய டெண்டரில் அதிகத் தொகை கேட்டிருந்த துபாய் கம்பெனி ஒன்று போட்ட வழக்கை, பம்பாய் ஐகோர்ட்டு 20-12-2024 அன்று தள்ளுபடி செய்தது.

டெண்டர் செல்லும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து தாத்தா காலத்தில் வந்து, அங்கேயே தோல் வேலையும் இட்லி வியாபாரமும் செய்து குடும்பம் வளர்த்தவருக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. தகுதிப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா? இல்லை என்றால் என்ன காரணம்? மாடியில் குடியிருப்பவருக்கு வீடு தாராவியிலேயே கிடைக்குமா, தொலைவில் கிடைக்குமா?

அதானி நல்லவரா கெட்டவரா என்று வாதம் செய்வதால் இவற்றுக்குப் பதில் கிடைக்காது. பட்டியலை, விதியை, ஒப்பந்தத்தைப் பகிரங்கமாக வைத்தால்தான் கிடைக்கும். எல்.ஐ.சி. விஷயத்தில் கேட்கப்படுவதும் அதேதான்.

செய்ய வேண்டியது

கோடீஸ்வரர் விழுவதைப் பார்த்துக் கைதட்டுவதால் தொழிலாளிக்கு ஒரு காசு பிரயோசனம் இல்லை. அவர் மீண்டும் எழுந்தார் என்று மாலை போடுவதாலும் இல்லை. குற்றம் செய்தாரா என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். அதற்கு முன்பே குற்றவாளி என்று கூவுவது தவறு. அது முடிகிறவரை யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்பதும் தவறு.

மக்கள் கேட்க வேண்டிய கேள்விக்குக் கோர்ட்டுத் தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் பணம் எவ்வளவு போயிருக்கிறது, எந்தக் கமிட்டி ஒப்புதல் கொடுத்தது, வெளியிலிருந்து யாராவது சொன்னார்களா? யூனியன் கூட்டத்தில் கேட்கலாம். ஓட்டுக் கேட்டு வரும் எம்.பி.யிடம் கேட்கலாம். 1957-ல் பெரோஸ் காந்தி கேட்டது இதைத்தான்.

அன்று அவர் கேட்டது ஒன்றேகால் கோடி ரூபாய்க்குக் கணக்கு. இன்று பல ஆயிரம் கோடி. தொகை பெருகியதற்கு ஏற்ப, கேட்கிற குரலும் பதில் சொல்கிற கடமையும் பெருக வேண்டும்.